பாலாடையில் ஒரு கோடு

நைனா,

நம் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் முதலில் குழம்புவார்கள். நீ என்னை நைனா என்று கூப்பிடுவாய், நானும் உன்னை நைனா என்றே கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த புதிதில் மஞ்சுளா, "யாரு யாரைக் கூப்புடறாங்கன்னே தெரியலியே மாமா" என்று சொல்லிச் சிரித்தாள். இந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. பெற்றவனுக்கும் அதே பெயர், கொஞ்சும்போது பிள்ளைக்கும் அதே பெயர். இப்போது வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. போனில் நான் கூப்பிட்டால், "சரி நைனா, வெச்சிடறேன்" என்று பேச்சை முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட்டுப் போனாலும் அது வைத்த இடத்திலேயே காத்துக்கொண்டிருக்கும், கோபித்துக்கொள்ளாது.

சித்தூரில் காலையிலிருந்து மழை. கார்த்திகை மழை உனக்குத் தெரியும், அவசரமே இல்லாமல் பெய்யும். கட்டமஞ்சி ஏரி தளும்பி நிற்கிறதாம், பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் போக வேண்டும் என்று ஆசைதான், ஆனால் உன் அம்மா குடையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிவிட்டது. நடுக்கூடத்தில் தூளி கட்டியிருக்கிறது. அதற்குள் உன் மகள் தூங்குகிறாள். ஒரு கால் மட்டும் சேலைக்கு வெளியே வந்து தொங்குகிறது. தூளிக் கயிற்றின் முனை என் நாற்காலிக் கையில் கட்டியிருப்பதால் நான் பேனாவை அசைத்தாலே தூளியும் கொஞ்சம் அசைகிறது. எழுதும்போது சில இடங்களில் கோணல் விழுந்திருந்தால் அதற்கு நானும் அவளும் சேர்ந்து பொறுப்பு.

கம்பெனியில் உன்னைக் குஜராத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்றும், நீயும் போகலாம் என்று இருக்கிறாய் என்றும் மஞ்சுளா சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை. அவளும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, குழாயடியில் பாப்பாவின் துணிகளை அலசிக்கொண்டே முதுகைக் காட்டியபடி சொன்னாள். "அடுத்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணுமாம் மாமா. நான் தூரமா இருந்தாதான் பாப்பாக்கு நல்லதுன்றாரு." அவ்வளவுதான் சொன்னாள். குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். ஸ்ரீசிட்டியில் வேலை, சூளூர்பேட்டையில் ரூம் என்று நீ இருப்பதைத் தூரம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. சனிக்கிழமை பஸ் ஏறினால் திருப்பதியில் ஒரு டீ, பிறகு நம் வீடு. குஜராத் அப்படி இல்லை. நீயும் அதற்காகத்தான் அங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும்.

வேலைக்காகப் போகிறவனை நான் தடுக்க மாட்டேன் நைனா. நானும் வேலை செய்தவன், எல்லா சீசனிலும் வீட்டை மறந்து மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கிடந்தவன். ஆனால் நீ வேலையைத் தேடிப் போகவில்லை. உன் மகளுக்கு உன்னிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்துப் போகிறாய். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இதுவரை நாம் இருவரும் பேசியதில்லை. நீ பேச மாட்டாய். நான் பேசினால் நீ எழுந்து போய்விடுவாய் என்று பயந்து நானும் பேசவில்லை. இப்போது நீ எழுந்து போனாலும் நான் பேசிக்கொண்டே இருப்பேன், கடிதத்தில் அந்த வசதி உண்டு.

மாம்பழக் காலம் அது. பங்காருபாளையம் பக்கத்திலிருந்து வந்த லாரிகள் ரோடு முழுக்க நின்றன. ஊரே பழுத்த வாசனையில் மயங்கிக் கிடந்தது. உன் அம்மா இரண்டு பங்கனப்பள்ளியை நறுக்கி வைத்திருந்தாள், நான்தான் பாதிக்கு மேல் தின்றேன். முந்தின நாள் பாப்பாவுக்கு ஊசி போட்டிருந்தார்கள், மூன்றரை மாதத்து ஊசி. இரவு முழுக்க ஜுரம், அழுகை. மஞ்சுளா தூங்கவே இல்லை. சாப்பிட்டதும் அவள் உன்னிடம் குழந்தையைக் கொடுத்து, "மருந்து குடுத்துடுங்க, நான் கொஞ்சம் கண்ண மூடறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். நான் இதே நாற்காலியில் இதே மாதிரி சாய்ந்திருந்தேன். மாம்பழமும் வெயிலும் சேர்ந்து கண்ணை இழுத்தன. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அந்த அரைக்கண்ணில்தான் உன்னைப் பார்த்தேன்.

நீ குழந்தையை இடது தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாய். ஜன்னல் வெயில் தரையில் விழுந்த இடத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டு போனாய், அவள் கண்ணில் படக்கூடாதென்று. உனக்குப் பாட்டு வராது. வராத பாட்டை மூக்காலேயே முனகினாய். அழுகை நின்றதும் அலமாரியிலிருந்து வெள்ளிப் பாலாடையை எடுத்தாய். புது மருந்துப் பாட்டிலைத் திறந்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, பாலாடையில் கோடு வரைக்கும் ஊற்றினாய். ஒரு சொட்டு சிந்தவில்லை. மடியில் அவளைச் சாய்த்து, உதட்டோரத்தில் பாலாடையின் மூக்கை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாய். அவள் முகத்தைச் சுளித்தபோது நீயும் சுளித்தாய். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் பெற்ற பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று தோன்றியது. இதைப் பார்க்கத்தான் இத்தனை வயது வரைக்கும் இருந்தோம் போலிருக்கிறது என்றும் தோன்றியது. அந்த நினைப்போடு தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் டீ போடும் நேரத்தில் ஜுரம் திரும்பியது. நீ மறுபடியும் ஒரு தடவை கொடுத்தாய். மஞ்சுளா எழுந்து வந்து பாட்டிலைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அதை ஆட்டிப் பார்த்தாள்.

"இன்னா இது, இவ்ளோ கொறஞ்சிருக்குது? எவ்ளோ குடுத்தீங்க?"

"கோடு வரைக்கும்."

"எந்தக் கோடு?"

நீ பாலாடையைக் காட்டினாய். அவள் அட்டைப் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே சின்னதாய் ஒரு பிளாஸ்டிக் குழாய், மேலே சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. அந்தக் குழாயில் பாதி அளவு உறிஞ்சி நாக்கில் விட வேண்டிய மருந்து அது. கைக்குழந்தைகளுக்காகவே கெட்டியாகச் செய்த சொட்டு மருந்து. நாம் தெரிந்து வைத்திருந்த சிரப் வேறு. நிறம் ஒன்று, இனிப்பு ஒன்று, பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. வீரியம் மட்டும் பல மடங்கு. கோடு வரைக்கும் சிரப் ஊற்றினால் ஒரு வேளை மருந்து. கோடு வரைக்கும் இதை ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மஞ்சுளா, "படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியைத்தான் நீ இன்னும் சுமந்துகொண்டு அலைகிறாய். அதைக் கேட்டவள் என்றைக்கோ அதைக் கீழே வைத்துவிட்டாள்.

இப்போது அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது பாலாடையில் இருப்பதால், செய்யும்போதே இருந்தது என்று நீ நினைத்திருக்கலாம். உன் அம்மா வீட்டில் சீராகக் கொடுத்தது அந்தப் பாலாடை, வேலூரில் வாங்கியது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு ஓயாத இருமல். ஸ்பூனைக் கண்டால் நீ வாயை இறுக மூடிக்கொள்வாய், பாலாடையில்தான் குடிப்பாய். அதில் எவ்வளவு ஊற்றுவது என்று தெரியாமல் உன் அம்மா தவிப்பாள். நான் ஃபேக்டரியில் பாய்லர் பார்ப்பவன். பாய்லரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், தண்ணீர் அதில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் வாழ்நாள் வேலை. கோடு சரியாக இருந்தால் நிம்மதியாக டீ குடிக்கலாம். அதனால் எனக்குக் கோட்டின் மேல் அசாத்திய நம்பிக்கை. மருந்து மூடியால் ஒரு ஸ்பூன் தண்ணீரை அளந்து பாலாடையில் ஊற்றி, அது நின்ற இடத்தில் தையல் ஊசியால் கீறினேன். பெரிய விஞ்ஞானி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். உன் அம்மாவும் அப்போது என்னை அப்படித்தான் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தெருவிலேயே அந்தப் பாலாடைக்குப் பேர் வந்துவிட்டது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், "உங்க கோடு போட்ட பாலாடைய ஒரு வேளைக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். கிரைப் வாட்டரா, இருமல் மருந்தா, ஜுர மருந்தா, எதுவானாலும் நம் வீட்டில் கோடு வரைக்கும்தான். உன் அம்மா உனக்கும் அதையேதான் சொல்லி வைத்திருந்தாள். நீ ஒன்றும் அலட்சியமாக ஊற்றவில்லை நைனா. வீட்டில் எல்லோரும் எந்த அளவை நம்பினார்களோ, அந்த அளவுக்கு ஒரு மயிரிழை பிசகாமல் ஊற்றினாய். கோடு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே இருப்பது எது என்று சொல்லாது. இது ஒரு பாய்லர்காரனுக்கே இத்தனை வருஷம் தோன்றவில்லை.

திருப்பதிக்குப் போன கார் எனக்குக் கனவு மாதிரித்தான் நினைவிருக்கிறது. இங்கே டாக்டர் பார்த்துவிட்டு, "லேட் பண்ணாதீங்க, பாட்டிலையும் எடுத்துக்கினு திருப்பதி போயிடுங்க" என்றார். பூதலப்பட்டு தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ரோட்டின் இரு பக்கமும் மாந்தோப்புகள் இருண்டுகொண்டே வந்தன. பாப்பா மஞ்சுளாவின் மடியில் சிரித்துக்கொண்டிருந்தாள், மருந்தால் ஜுரம் விட்டிருந்தது. அதுதான் கொடுமை. அவள் சிரிக்கச் சிரிக்க மஞ்சுளா அவளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சந்திரகிரிக் கோட்டைக்குப் பக்கத்தில் உன் அம்மா கையைக் கூப்பியவள், ஊர் போய்ச் சேரும் வரை கையைப் பிரிக்கவில்லை. நீ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பின்னால் திரும்பவே இல்லை. காரில் ஏறும்போதே உன் சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெலுங்கில் கேட்டாள், "மந்து எவரு பட்டாரு?" மருந்து கொடுத்தது யார் என்று. நாங்கள் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தோம். நீ ஒரு அடி முன்னால் போனாய். "நேனே" என்றாய், நான்தான் என்று. எவ்வளவு என்று கேட்டாள். நீ சட்டைப் பையிலிருந்து பாலாடையை எடுத்தாய். பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால், கோடு வரைக்கும் ஊற்றிக் காட்டினாய். "இவ்ளோ. ரெண்டு வாட்டி" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு தெலுங்கில் சொன்னாய். டாக்டரம்மா அந்தத் தண்ணீரை ஊசிக் குழாயில் உறிஞ்சி அளந்து பார்த்தாள். சரியான அளவும் சரியான நேரமும் தெரிந்ததால்தான் உடனே ரத்தம் எடுத்து, மாற்று மருந்தை ஆரம்பிக்க முடிந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். கொடுத்தவர்கள் பயந்துபோய்க் குறைத்துச் சொல்வதுதான் வழக்கமாம். ஒரு சொட்டு ஜாஸ்தியாகப் போய்விட்டது என்பார்களாம். அதை நம்பி இருந்தால் நேரம் கைமீறிப் போய்விடுமாம். "மீ அப்பாயி டைமுக்கு நிஜம் செப்பாடு" என்றாள். உங்கள் பையன் நேரத்துக்கு உண்மையைச் சொன்னான் என்று. இதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. நீ அப்போது வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாய்.

அங்கே இருந்த நாட்களில் எனக்கு வார்டு ஜன்னல்தான் துணை. மலை முழுசாகத் தெரிந்தது. காலையில் மேகம் இறங்கி மலையைப் பாதி மறைக்கும், பிறகு மெதுவாக விட்டுக்கொடுக்கும். இருட்டத் தொடங்கினால் கோயிலுக்கு நடந்து ஏறுகிற பாதையின் விளக்குகள் வளைந்து வளைந்து மேலே போகும். பாப்பாவின் கையில் சின்ன அட்டையை வைத்துக் கட்டி, அதில் ஊசி ஏற்றியிருந்தார்கள். ஈரலுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதுதான் பயம். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் நடுவில் நேரம் நகரவே இல்லை. நான் மலையைப் பார்த்துக்கொண்டே தூங்கி, மலையைப் பார்த்துக்கொண்டே எழுந்தேன். ஒரு காலையில் டாக்டரம்மா வந்து எல்லாம் சரியாகிவிட்டது, ஈரலுக்கு எந்தப் பழுதும் இல்லை என்று சொன்னாள். மஞ்சுளா தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் உன்னைத் தேடிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். உள்ளே வா என்றேன். "கை கழுவிக்கினு வரேன் நைனா" என்று போனாய். வரவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது அது. வீட்டுக்கு வந்த பிறகும் மஞ்சுளா பாப்பாவை நீட்டினால், "கை கழுவிக்கினு வரேன்" என்று பின்கட்டுக்குப் போவாய். குழாய் ஓடும் சத்தம் கேட்கும். பிறகு சத்தம் நிற்கும். நீ தெருப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு எங்கேயோ போயிருப்பாய். இந்தச் சித்தூரில் உன் கையைப் போலச் சுத்தமான கை வேறு யாருக்கும் இருக்காது. நான் இதைக் கிண்டலாகச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீபாவளிக்கு வந்தாய், அவளுக்குப் பட்டுப் பாவாடை வாங்கி வந்தாய், அதைக்கூடக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனாய்.

நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். சைக்கிள் ஓட்டப் பழகிய புதிதில், தயிர் விற்கிற அம்மாள் மேல் மோதிவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தயிர்தான் ரோடெல்லாம். அவளே உன்னைத் தூக்கி நிறுத்தி, முழங்காலைத் தட்டிவிட்டு, "பரவால்ல போ கண்ணு" என்றாள். நீ சைக்கிளைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தவன், அதைத் தொடவே இல்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன். எண்ணெய் போட்டு வைத்தேன். கோடை போய் மழை வந்து சைக்கிள் துருப்பிடித்தது. பிறகு ஒரு நாள் உன் அம்மாவுக்கு மயக்கம் வந்தபோது, யாரும் சொல்லாமலேயே நீ அதை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் பறந்தாய். திரும்பி வந்ததும் நான் எதையும் கவனிக்காத மாதிரி பேப்பர் படித்தேன். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது, உன்னை அவசரப்படுத்தக்கூடாது என்பது. அதனால்தான் இந்தத் தடவையும் மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஆனால் சைக்கிள் சுவரோரம் சும்மா நிற்கும் நைனா. இவள் நிற்க மாட்டாள். இப்போதே தவழ்கிறாள். நேற்று வாசற்படி வரைக்கும் வந்துவிட்டாள். நீ குஜராத்திலிருந்து திரும்பும்போது அவள் ஓடுவாள், பேசுவாள், உன்னைப் பார்த்து உன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அதற்கு மருந்து எந்த டாக்டரிடமும் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடந்ததற்குப் பொறுப்பேற்க இங்கே நாங்கள் வரிசையில் நிற்கிறோம். கோட்டைக் கீறியவன் நான். கோடு வரைக்கும் என்று பழக்கியவள் உன் அம்மா. பெட்டியைக் காட்டாமல் படுத்துவிட்டேனே என்று மஞ்சுளா இன்னும் புலம்புகிறாள். ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் தூக்கிவிடலாம். நீ மட்டும் மொத்தக் கூடையையும் தலையில் வைத்துக்கொண்டு ஊரை விட்டே கிளம்புகிறாய். எங்களையும் கொஞ்சம் தூக்க விடு.

பாலாடையை நான் பீரோவுக்குள் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்தேன். போன மாதம் பார்த்தால் மஞ்சுளா அதில் பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதை ஏம்மா எடுத்தே?" என்றேன். "அது இன்னா பண்ணுச்சி மாமா, பாவம்" என்றாள். அந்தச் சின்னவளைப் பார்க்க வேண்டுமே. பாலாடையைத் தூரத்தில் கண்டாலே வாயைத் திறந்துகொண்டு வருகிறாள். அவளுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் நினைவில் இல்லை. அவளுக்கு அதில் இனிப்பு வரும், அவ்வளவுதான் தெரியும்.

மருந்துக்கு மட்டும் மஞ்சுளா புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். மருந்தோடு வந்த குழாயைத் தவிர வேறு எதுவும் கூடாது. ஒருவர் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, மருந்தின் பெயரையும் டாக்டர் சொன்ன அளவையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருவர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடியைத் திறக்கலாம். பாய்லரில் ஷிப்ட் மாறும்போது நாங்களும் இப்படித்தான் செய்வோம். யாரையும் நம்பாததால் அல்ல. தனியாக இருக்கிறவனுக்குக் கண் ஏமாற்றும், கூட ஒருவர் இருந்தால் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். ஜாக்கிரதையாக இரு என்று சொல்ல மாட்டேன், நீ ஜாக்கிரதையாகத்தான் இருந்தாய். தனியாக இருக்காதே என்று சொல்வேன். இப்போது மஞ்சுளா படிக்க, நான் திருப்பிச் சொல்கிறேன். என் கண்ணாடிக்குள் அந்தப் பொடி எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. அவள் படித்ததை நம்பித்தான் நான் தலையாட்டுகிறேன். அது சட்டப்படி செல்லாது.

வருகிற சனிக்கிழமை பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதத்து ஊசி. ஜுரம் வரலாம், வராமலும் போகலாம் என்று நர்ஸம்மா சொன்னாள். வந்தால் கொடுப்பதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை மஞ்சுளா வாங்கி வைத்துவிட்டாள். பெட்டி அலமாரியில் இருக்கிறது, பிரிக்கவில்லை. நேற்று நான், "ஜுரம் வந்தா நாம ரெண்டு பேரும் பாத்துக்கலாம்மா" என்றேன். அவள் தூளியை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"வேணா மாமா. அவரு வந்து குடுக்கட்டும். நான் படிக்கறேன், அவரு திருப்பிச் சொல்லட்டும். அவரு கையாலதான் குடுக்கணும். நான் பக்கத்துலயே நிக்கறேன்."

இதை அவள் உன்னிடம் போனில் சொல்ல மாட்டாள். சொன்னால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குப் பயம். அதனால் நான் எழுதுகிறேன். குஜராத் போவதா வேண்டாமா என்று அடுத்த வாரம் நீயே முடிவு செய். போனாலும் நான் ரயிலேற்றிவிட வருவேன். ஆனால் அந்த மருந்தைக் கொடுத்துவிட்டுப் போ. ஜுரம் வராவிட்டால் அவளைச் சும்மா தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கூடத்தில் ஒரு தடவை நடந்துவிட்டுப் போ.

நான் கண்ணை மூடினால் இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. உனக்கும் அதுதான் வரும் என்று நினைக்கிறேன். ஆனால் நீ அதில் பாட்டிலைத்தான் பார்க்கிறாய். நாற்காலியில் இருந்து நான் பார்த்ததை நீ பார்த்ததில்லை. வெயிலைச் சுற்றிக்கொண்டு நடந்தவனை நான் பார்த்தேன். வராத பாட்டைப் பாடியவனையும், அவள் முகம் சுளித்தால் தானும் சுளித்தவனையும் பார்த்தேன். அங்கே அளவு ஒன்றுதான் தப்பாக இருந்தது நைனா. மற்றது எதுவும் தப்பாக இல்லை.

தூளி அசைகிறது, எழுந்துவிட்டாள். கயிற்றை இழுத்துப் பார்த்தேன், கேட்கிற மாதிரி இல்லை. இதோடு நிறுத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறு. வாசல் குழாயை நான் திறந்து வைத்திருப்பேன். அங்கேயே நன்றாகக் கை கழுவிக்கொண்டு உள்ளே வா. வந்த பிறகு அதற்காக நீ எங்கேயும் போக வேண்டியதில்லை.

உன் நைனா